ஏரியூரில் சரியாக இருந்தது

"ஃபைல் ஓபன் ஆயிடுச்சு மேடம்."

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடமிருந்து நான் கேட்கவே விரும்பாத வாக்கியம் இதுதான். ஓபன் ஆயிடுச்சா என்று நான் எப்போது கேட்டேன்? பூட்டில்லாத வீட்டுக் கதவை யார் தள்ளினாலும் திறக்கும். உள்ளே இருப்பது யார் என்று பார்த்தீர்களா என்பதுதான் என் கேள்வி. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இன்னமும் இந்த வாக்கியம் காதில் விழுந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்கள் தலைவர் போன வாரம் போன் செய்து, "புதுப் பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். சாதனைகளை எதிர்பார்க்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது. சாதனைகளுக்கு அலுவலகச் சுவரில் போட்டோ மாட்டியிருக்கிறது, அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது ஒரு தப்பைப் பற்றி. என் தப்பு. முழுக்க என்னுடையது என்று சொல்லவும் முடியாது. அதுதான் இன்னும் எரிச்சல்.

தருமபுரியில் எங்கள் ஆய்வகத்துக்கு நாலைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு வேலை வந்தது. குழாய்த் தண்ணீர் ஒழுங்காக எட்டாத கடைக்கோடி ஊர்களில், எந்த ஊர் போர்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், எந்த ஊரில் இல்லை என்று சொல்ல வேண்டும். அதிகம் உள்ள ஊரின் அடிபம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துப் பூட்டிவிட்டு லாரியில் குடிநீர் அனுப்புவார்கள். இல்லாத ஊருக்குப் பச்சை. பச்சை என்றால் தாராளமாகக் குடிக்கலாம், லாரி தேவையில்லை. ஃபுளோரைடு என்ன செய்யும் என்று இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்லில் பழுப்புக் கோடு விழும், பிறகு முட்டியையும் முதுகையும் பிடிக்கும். பல்லில் விழுந்த கறை எந்தப் பற்பொடிக்கும் போகாது.

எல்லா ஊர்த் தண்ணீரையும் சோதிக்க ஆளில்லை. சோதித்த ஊர்களை வைத்து, சோதிக்காத இடங்களுக்குக் கணக்கிட்டு நிரப்ப வேண்டும். மாவட்டத்தை மேற்கிலிருந்து கிழக்காக நாற்பது, தெற்கிலிருந்து வடக்காக நாற்பது என்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் போட்டேன். என் புரோகிராம் ஃபோர்ட்ரானில், அந்தப் பழைய கணினி மொழியில். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதில்தான் எழுதினேன், கடைசி நாள்வரை அதில்தான் எழுதினேன், சிரிக்காதீர்கள். வரைபடம் போட்டு ஊர்ப் பட்டியலில் சிவப்பு, பச்சை குறித்துத் தரும் வேலை பெங்களூரில் ஒரு சின்ன கம்பெனிக்குப் போயிருந்தது. அவர்கள் வைத்திருந்தது பைத்தான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கட்டம் என்பது நம் மனதில்தான் கட்டம். ஃபைலில் எழுதும்போது ஆயிரத்து அறுநூறு எண்களும் ஒரே நீளக் கயிறாகத்தான் போகும். என் ஃபோர்ட்ரான் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வரி முழுக்க எழுதிவிட்டு, வடக்கே அடுத்த வரிக்கு ஏறும். அவர்களுடைய பைத்தானோ, தனியாக எதுவும் சொல்லாவிட்டால், தெற்கிலிருந்து வடக்காக ஒரு நெட்டு வரியை நிரப்பிவிட்டு, கிழக்கே அடுத்ததற்கு நகரும். பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை நிற்க வைத்து, ஒரு வாத்தியார் குறுக்கு வரிசையாக நம்பர் கொடுக்கிறார், மறுநாள் இன்னொரு வாத்தியார் அதே பட்டியலை நெட்டு வரிசையாகப் படித்து ஆளைத் தேடுகிறார். அவ்வளவுதான் விஷயம். இரண்டு வாத்தியார் மேலும் தப்பில்லை. அடி வாங்குவது மட்டும் பிள்ளைகள்.

நாற்பதுக்கு முப்பது என்று பிரித்திருந்தால் படம் கோணல்மாணலாகக் கோடு கோடாக வந்திருக்கும், பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தெரிந்திருக்கும். நானோ அழகுக்காக நாற்பதுக்கு நாற்பது என்று வைத்தேன். மாவட்ட எல்லைக்கு வெளியே உள்ள கட்டங்களைக் காலியாக விட்டிருந்தாலும் மாட்டியிருக்கும், படம் எல்லைக் கோட்டுக்குள் உட்கார்ந்திருக்காது. ஓட்டை இல்லாத தரவு கொடுக்கிறேன் என்ற பெருமையில் அந்தக் கட்டங்களையும் நிரப்பி அனுப்பினேன். பெருமை!

அந்தக் கம்பெனியில் படம் போட்ட பையன், பையன் என்றால் இருபத்தாறு இருக்கும், ஒழுங்காகவே நடந்துகொண்டான். மெயில் போட்டுக் கேட்டான்: "மேடம், எந்த இண்டெக்ஸ் முதலில் ஓடுகிறது?" குறுக்கு வரிசையா, நெட்டு வரிசையா என்றுதான் கேட்கிறான். நான் பதில் போடவில்லை. பார்த்தேன். பார்த்துவிட்டு, இதுகூடத் தெரியாமல் எப்படி வேலைக்கு எடுக்கிறார்கள் என்று பக்கத்து மேசையில் இருந்தவரிடம் புலம்பினேன். புலம்பிய நேரத்தில் மூன்று வார்த்தை தட்டியிருக்கலாம். அன்று மார்ச் மாதக் கெடுபிடி, நாலு அறிக்கை பாக்கி, மின்விசிறி ஓடவில்லை. காரணம் எத்தனை வேண்டுமானாலும் சொல்வேன். பதில் மட்டும் போடவில்லை.

இரண்டு நாள் பார்த்துவிட்டு அவன் தானே ஒரு சோதனை செய்தான். எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் சரிபார்ப்பது ஏரியூர்க் கிணற்றை வைத்துத்தான். அங்கே ஒரு பழைய கிணறு, எங்களிடம் இருக்கும் பதிவுகளில் அதனுடையதுதான் மிக நீளமானது. எனக்கு முன்னால் இருந்தவரும் அதைத்தான் பார்த்தார், நானும் அதைத்தான் பார்த்தேன். அனுப்பிய குறிப்பிலேயே "ஏரியூரை வைத்துச் சரிபார்க்கவும்" என்று வேறு எழுதியிருந்தேன். ஏரியூர் எந்தக் கட்டம் தெரியுமா? கிழக்கே ஏழு, வடக்கே ஏழு. குறுக்கே எண்ணினாலும் ஏழு ஏழு, நெட்டே எண்ணினாலும் ஏழு ஏழு. மாவட்டத்தையே புரட்டிப் போட்டாலும் ஏரியூர் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

"ஏரியூர் சரியா இருக்கு மேடம், சின்ன டிஃபரன்ஸ்தான், தசமப் புள்ளி ரவுண்டிங்கா இருக்கும்" என்று அடுத்த மெயில் வந்தது. அதற்கு உடனே பதில் போட்டேன். "நன்றி" என்று.

பட்டியல் போனது, பெயின்ட் அடித்தார்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த லாரிகளைப் பட்டியல்படி மாற்றினார்கள். எங்களுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. ஐந்து மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் ஒரு பெண் மனு கொடுத்தாள். அங்கே இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியாமல் நாலு மேசை சுற்றவிட்டு, கடைசியில் எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் ஓர் ஊர். பெயர் மாதம்மாள், முப்பத்தைந்து வயது இருக்கும். கொண்டுவந்து விட்டுப்போன ஊழியர் என் காதருகே குனிந்து சிரித்தார்.

"லாரி வரலன்னு மனு குடுப்பாங்க மேடம். இந்தம்மா லாரி வருதுன்னு மனு குடுத்துருக்குதுங்க."

மாதம்மாளுக்குக் காதில் விழுந்துவிட்டது. "ஆமாங்க, வருது. அத வேணாம்னுதான் சொல்றேன். எங்க ஊரு தண்ணிக்கு என்ன கொறைங்க? பூட்டிப் போட்டுட்டாங்க. அந்த லாரி எங்கம்மா ஊருக்குப் போவணும்ங்க. அங்க போயிட்டிருந்த லாரிதான் இது. அதே டிரைவரு."

அவளுடைய அம்மா வீடு பாலக்கோட்டுக்கும் அப்பால், வடமேற்கு மூலையில் காட்டை ஒட்டி இருந்தது. ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்கள். எங்கள் பட்டியலில் அந்த ஊர் பச்சை.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? பாடம் எடுத்தேன். இது எத்தனை கிணற்றின் தண்ணீரைச் சோதித்துப் போட்ட படம் தெரியுமா, கண்ணுக்கும் நாக்குக்கும் ஃபுளோரைடு தெரியாதும்மா, தண்ணீர் இனிப்பாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று அர்த்தமில்லை என்றெல்லாம் பொறுமையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். என் குரலில் பொறுமை இல்லை என்று பிற்பாடு பக்கத்து மேசைக்காரர் சொன்னார்.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு வாயைத் திறந்து பல்லைக் காட்டினாள். முன்பல் நாலிலும் பழுப்புப் பட்டை, ஓரத்தில் அரித்த குழி.

"இது எங்கம்மா ஊரு தண்ணிங்க. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, சிரிச்சுடாதடின்னு சொல்லித்தான் கொண்டாந்து உக்கார வெச்சாங்க. நம்ம பக்கம் பல்லப் பாத்தே எந்த ஊருன்னு சொல்லிருவாங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியும். இந்த மாவட்டத்தில் பெண் எடுக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்காமல் ஜாதகத்தையே வாங்காத வீடுகள் உண்டு.

"எங்க மாமியா பாத்துட்டாங்க. பரவால்ல, நம்ம ஊருல குடிச்சா பொறக்கறதுங்களுக்கு நல்லா இருக்கும்னு கட்டிக்கிட்டாங்க. இந்தாங்க, எம் புள்ளைங்க." செல்போனைத் திறந்து காட்டினாள். பெரிய பெண்ணும் சின்னவளும் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கறை இல்லை. "பன்னண்டு வருசமா குடிச்சது, இப்பப் பூட்டுன அந்தப் பம்புத் தண்ணிதாங்க."

பிறகுதான் அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். "எங்கண்ணன் பொண்ணு ஒண்ணு, நாலு வயசு. அது பொறந்ததுலேர்ந்து போர்த் தண்ணி ஒரு சொட்டு குடுக்கலைங்க எங்கண்ணி. லாரித் தண்ணிலயே கஞ்சி காச்சி, லாரித் தண்ணிலயே வளத்தாங்க. எங்க வூட்டுல இது ஒண்ணாவது பல்லோட சிரிக்கட்டும்னு. நீங்க பச்ச அடிச்சீங்க, லாரி நின்னு போச்சு. கவருமெண்டே நல்ல தண்ணின்னு சொல்லுதேன்னு இப்ப அதத்தான் குடுக்கறாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. படிச்சவங்க சொல்றதத்தான் கேக்கறாங்க."

இரண்டு ஊரும் எந்தக் கட்டம் என்று பார்த்தேன். அம்மா ஊர் பதினொன்று, முப்பத்து மூன்று. புருஷன் ஊர் முப்பத்து நாலு, பதினொன்று.

ஒன்றைத் திருப்பிப் போட்டால் கிட்டத்தட்ட மற்றது. களப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். அம்மா ஊருக்குப் பக்கத்திலேயே எங்கள் ஆட்கள் தண்ணீர் எடுத்திருந்தார்கள். ஃபுளோரைடு அனுமதித்த அளவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. பதிவேடு என் மேசையில், கை எட்டும் தூரத்தில், ஐந்து மாதமாகக் கிடந்திருக்கிறது. படத்தை வாங்கியவுடன் ஏரியூரைத் தவிர இன்னும் ஒரே ஓர் ஊரை அதனுடன் ஒப்பிட்டிருந்தால் போதும். ஒரே ஓர் ஊர்! நான் கத்தவேண்டியது யாரிடம் என்று தெரியாமல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மாதம்மாள் தன்னைத்தான் துரத்துகிறேன் என்று நினைத்து மனுவை எடுத்து மடித்தாள்.

"உக்காரும்மா. நீ சொல்றதுதான் சரி" என்றேன்.

அவள் உட்காரவில்லை. "அப்ப லாரிய மாத்துவீங்களா?" என்றாள்.

மேலதிகாரிக்குச் சொன்னேன். மனிதர் முதலில் கேட்டது, "வெளிய யாருக்காவது தெரியுமா?" இரண்டாவது கேட்டது, "திருப்பிப் போட்டா சரியாயிடும்ல? அஞ்சு மணிக்குள்ள புதுப் பட்டியல் அனுப்பிடுங்க." மணி அப்போது மூன்று. பெங்களூர்ப் பையனுக்குப் போன் போட்டேன். அவன் பாவம், "நான் கேட்டேனே மேடம்" என்று ஒரே ஒரு முறை சொன்னான். திருப்புவது அவனுக்கு ஒரு வரி வேலை. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டான். "முடிஞ்சுது மேடம், ஏரியூர் சரியா இருக்கு" என்றான்.

"ஏரியூர் பேச்சை இன்னொரு தரம் எடுத்தே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். பதிவேட்டிலிருந்து மூலைக்கு ஒன்றாக ஊர்களை எடுத்தேன். நான் ஊரைச் சொல்ல, அவன் எண்ணைப் படிக்க வேண்டும். படித்தான். எல்லாம் கிட்டத்தட்டச் சரி. கிட்டத்தட்ட! ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம்.

"ரவுண்டிங் மேடம்."

"தம்பி, ரவுண்டிங் ஒரு பக்கமாவே சாயுமா? எனக்கு வர்ற எண்ணெல்லாம் பக்கத்துக் கட்டத்து எண்."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க ஒண்ணுலேர்ந்து எண்ணுவீங்களா?" என்றான். ஃபோர்ட்ரானில் முதல் கட்டம் ஒன்று. பைத்தானில் முதல் கட்டம் பூஜ்யம். என் ஊர்ப் பட்டியலில் ஏழு என்றிருப்பதை அவன் அப்படியே ஏழு என்று கேட்டால் அது எட்டாவது கட்டத்தைக் கொடுக்கும். திருப்பிப் போட்டதால் பெரிய தப்பு போனது. ஒவ்வொரு ஊரும் ஒரு கட்டம் வடக்கே, ஒரு கட்டம் கிழக்கே நகர்ந்த தப்பு அப்படியே இருந்தது. ஐந்து மணிக்கு அனுப்பியிருந்தால், சிவப்புக்கும் பச்சைக்கும் எல்லையோரத்தில் இருந்த சில ஊர்கள் மறுபடியும் தப்பான நிறத்தில் போயிருக்கும். இரண்டாம் முறை வந்து பல்லைக் காட்ட யாரும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

அதிகாரியிடம் நாளை மதியம்தான் தருவேன் என்றேன். குதித்தார். எழுத்தில் கொடுங்கள், இன்றே அனுப்பச் சொன்னது நீங்கள் என்று நானும் எழுதிக்கொள்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டார். அவசரப்படுத்துகிறவர்களிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், நல்ல மருந்து.

ஆனால் பட்டியலுக்குத்தான் நாளை மதியம் வரை நேரம் உண்டு. நாலு வயதுக் குழந்தைக்கு இல்லை. லாரிக்காரரைக் கூப்பிட்டேன். "ஆர்டர் இல்லாம எப்படிங்க மேடம் வண்டியத் திருப்பறது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். மாதம்மாள் வெளியே மரத்தடியில் இருந்தாள். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போக வேண்டியவள், என்னோடு எதிர்த்திசையில் ஜீப்பில் ஏறிவிட்டாள். வழியில் பாலக்கோட்டில் நிறுத்தி இருபது லிட்டர் கேன் நாலு வாங்கிப் போட்டோம். ஊர் நெருங்கியதும் அவள், "நீங்களே சொல்லிருங்க, நான் சொன்னா சண்ட ஆயிரும்" என்றாள்.

அவள் அண்ணி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சிரிக்கும்போது புடவைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொள்கிற பெண். நான் யார் என்று சொன்னேன். படம் தப்பாகிவிட்டது, இந்தத் தண்ணீர் குழந்தைக்குக் கூடாது, லாரி மறுபடியும் வரும், அதுவரைக்கும் கேன் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். வரிசை, கட்டம், ஃபோர்ட்ரான் எல்லாம் தொண்டைவரை வந்தது. எதைச் சொல்ல? யாருக்கு வேண்டும் அது?

அவள் கை நின்றுவிட்டது. "நல்ல தண்ணின்னு நீங்கதானே பச்ச அடிச்சீங்க?" என்றாள்.

"ஆமா. நாங்கதான்."

"எப்பலேர்ந்து தப்பு?"

"மொதல்லேர்ந்து."

எழுந்து உள்ளே போய்க் குடத்தைத் தூக்கிவந்து வாசலில் கவிழ்த்தாள். அடுத்த குடம். அண்டாவில் இருந்ததை மாதம்மாளும் அவளும் இரண்டு பக்கம் பிடித்துச் சாய்த்தார்கள். கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை தண்ணீர் ஓடுகிற குஷியில் கையில் டம்ளரோடு ஓடிவந்தது. டம்ளரில் பாதி குடித்த தண்ணீர். அண்ணி அதைப் பிடுங்கி ஊற்றினாள். குழந்தை வீரிட்டு அழுதது. அழுகிற வாயை மாதம்மாள் குனிந்து பார்த்தாள். பால்பற்கள், அரிசி அரிசியாக.

"வெள்ளையாத்தானேங்க இருக்குது?" என்று அண்ணி என்னைக் கேட்டாள். ஐந்து மாதம் முன்னால் பச்சை அடித்த அதே ஆபீஸ்காரியைத்தான் கேட்டாள். வேறு யாரைக் கேட்பாள்?

இதற்கும் பதில் போடாமல் விட முடியாது. சொன்னேன். இது பால்பல். அடுத்து முளைக்க வேண்டிய பல் ஈறுக்குள்ளே இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது. இந்த ஐந்து மாதம் அதில் எதுவும் பதிந்ததா என்று, விழுந்து முளைத்தால்தான் தெரியும்.

"எப்ப முளைக்குங்க?"

"ஏழு வயசுக்கு மேல."

அவள் விரல் விட்டு எண்ணினாள். பிறகு ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மதியம் பட்டியல் சரியாகப் போனது. அந்த வாரமே லாரி மாறியது, மலையடிவாரத்துப் பம்புப் பூட்டைத் திறந்தார்கள். அதன்பிறகு நான் அனுப்பிய ஒவ்வொரு ஃபைலோடும் எந்த எண் முதலில் ஓடுகிறது, எங்கிருந்து எண்ணுகிறோம், மூலைக்கு ஓர் ஊராக என்ன மதிப்பு வர வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி வைத்தேன். உங்கள் கணினியில் அந்தப் பக்கத்தின் மாதிரிப் படிவம் இருக்கிறது. நீங்கள் யாரும் நிரப்புவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

அந்தக் குழந்தைக்கு இப்போது எட்டு வயது. முன்பல் முளைத்திருக்கும். தருமபுரியிலிருந்து பாலக்கோட்டுக்கு எந்நேரமும் பஸ் இருக்கிறது, எனக்கும் வீட்டில் வேலை ஒன்றும் இல்லை. மூன்று முறை பஸ் ஸ்டாண்டுவரை போனேன். ஒரு முறை ஏறி உட்கார்ந்தும்விட்டேன். வண்டி புறப்படுவதற்குள் இறங்கி வந்துவிட்டேன்.